அடியின் செலவு யார் கணக்கில்?

அன்புள்ள சார்,

குழந்தைகள் மீதான வன்முறையால் உலகப் பொருளாதாரம் 8 சதவீதம் வரை இழக்கிறது என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கசந்தது. ஒரு குழந்தையின் அழுகைக்கு விலை போடலாமா? தப்பு என்று சொன்னால் போதாதா? இன்னொன்று. என் கணவர் அடி வாங்கியே வளர்ந்தவர். “அடியாத மாடு படியாது, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

எம்.

அன்புள்ள எம்.,

தப்பு என்று சொன்னால் போதும் என்றால் 1989இலேயே வேலை முடிந்திருக்க வேண்டும். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அமெரிக்கா தவிர எல்லா உறுப்பு நாடுகளும் அதை ஏற்றுக்கொண்டாயிற்று. அப்புறம் பட்ஜெட் போடும் நாளில் மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் கணக்கு.

அந்த 8 சதவீதம் 2014இல் வந்த ஒரு மதிப்பீட்டின் உச்சவரம்பு. அதைவிட எனக்கு உபயோகமானது, 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் போட்ட சின்னக் கணக்கு. கொடுமைக்கு ஆளாகி உயிர்பிழைத்த ஒரு குழந்தைக்கு வாழ்நாள் செலவு 2,10,012 டாலர். பிரித்துப் பாருங்கள்: சிறுவயது மருத்துவம் 32,648. வளர்ந்த பின் மருத்துவம் 10,530. சிறப்புக் கல்வி, குழந்தை நலத்துறை, போலீஸ், கோர்ட் எல்லாம் சேர்ந்தே 22,474தான். மீதி 1,44,360 டாலர், அந்தப் பிள்ளை பெரியவனாகிச் சம்பாதித்திருக்க வேண்டிய பணம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் யாரும் பில் போடாத நஷ்டம்!

அது எப்படிப் போகிறது? கேட் திறக்கும் சத்தத்தை வைத்தே அப்பா இன்று எந்த மனநிலையில் வருகிறார் என்று சொல்லிவிடும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அபாரமான கவனம். ஆனால் முழுக்க வாசலிலேயே செலவாகிவிடுவதால், பின்னம் நடத்தும் டீச்சருக்கு மிச்சமில்லை. தூக்கம் கெடும், மார்க் குறையும், படிப்பு பாதியில் நிற்கும். பள்ளிக்கூடம் அவனுக்கு ‘மந்தம்’ என்று பெயர் வைக்கும்.

இதைத் தடுக்க முடியும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 1970களின் கடைசியில் நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை தொடங்கினார். முதல் குழந்தையைச் சுமக்கும் தாய்மாரின் வீட்டுக்கு நர்ஸ்கள் போய்வருவார்கள். குழந்தைக்கு 2 வயதாகும்வரை. 15 ஆண்டு கழித்துப் பார்த்தால், நர்ஸ் போகாத வீடுகளோடு ஒப்பிட, கொடுமைப் புகார்கள் ஏறத்தாழப் பாதிதான். ஆனால் நர்ஸின் சம்பளத்தை ஒரு துறை இன்றைக்கே கொடுக்க வேண்டும். மிச்சமாவது பல வருடம் கழித்து இன்னொரு துறைக்கு. நடுவில் எத்தனை தேர்தல்! எந்த அமைச்சர் இதில் பெயர் வாங்குவார்?

உங்கள் கசப்பில் ஒரு பாதி எனக்கும் உண்டு. சம்பளத்தை வைத்து அளப்பதால், ஏழை நாட்டுக் குழந்தை வாங்கும் அடி ‘மலிவாக’ வருகிறது. வேலைக்கே போக முடியாத குழந்தை என்றால் வருமான நஷ்டம் பூஜ்யம்! இந்தக் கணக்கை நிதி கேட்கப் பயன்படுத்தலாம். எந்தக் குழந்தைக்கு முதலில் என்று தீர்மானிக்கத் தொடவே கூடாது.

சரி, உங்கள் கணவர். கேத்தி விடோம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், கொடுமைக்கு ஆளாகி வழக்கு கோர்ட் வரை போன குழந்தைகளில் சிறார் பருவத்தில் கைதானவர்கள் 26 சதவீதம். ஒப்பிட்ட மற்ற குழந்தைகளில் 17. ஆபத்து கூடுகிறது, ஆனாலும் நான்கில் மூவர் கைதாகவில்லை. ஆகவே அவர் நன்றாக இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. அடியால் நன்றாக இருக்கிறாரா, அடியையும் மீறியா என்பதுதான் கேள்வி. 1.6 லட்சம் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி கெர்ஷாஃபும் க்ரோகன்-கேய்லரும் 2016இல் பார்த்தார்கள். அடித்தால் பிள்ளை படியும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சோர்வும்தான் கூடுதலாகத் தெரிந்தன.

அவரிடம் இந்தப் புள்ளிவிவரமெல்லாம் எடுபடாது என்று நினைக்கிறேன். அடிக்குப் பயந்து அந்த வயதில் வீட்டில் சொல்லாமல் மறைத்தது ஏதாவது உண்டா என்று மட்டும் ஒரு நாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள்.