ஸ்க்ரூவும் வெல்டும்

அன்புள்ள ஐயா,

நுகர்வோர் நடத்தை பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். கேள்வித்தாள் கொடுத்தால் அநேகமாக எல்லோரும் "சுற்றுச்சூழலுக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தயார்" என்று டிக் செய்கிறார்கள். கடைக்குப் போனால் வேறு மாதிரி வாங்குகிறார்கள். மக்கள் பொய் சொல்கிறார்களா? மக்கள் மனம் மாறினால் தொழிற்சாலை மாறுமா, தொழிற்சாலை நவீனமானால் மக்கள் மாறுவார்களா? பல்பின் ஆயுளைக் குறைத்த ஃபீபஸ் கூட்டமைப்பு போன்ற சதிகள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார் என் வழிகாட்டி. உங்கள் கருத்து என்ன?

(இதை எழுதும்போது எங்கள் வாஷிங் மெஷின் விமானம் கிளம்புவது போல அலறுகிறது. ஆறு வருடம் ஆகிவிட்டது, ஆயுள் முடிந்தது. புதியது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பதால் மாற்றப் போகிறோம். அந்த வகையில் நாங்களும் சுற்றுச்சூழலைக் காக்கும் நுகர்வோர்தான்!)

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் மற்றவற்றை முடித்துவிடுவோம்.

மக்கள் பொய் சொல்வதில்லை. கேள்வித்தாளை நிரப்பும்போது ஆசையைச் சொல்கிறார்கள். கடையில் நிற்கும்போது கண்முன் இருக்கும் தகவல், கையில் இருக்கும் நேரம், மற்றவர்கள் செய்வது, இவற்றை வைத்து முடிவெடுக்கிறார்கள். கோல்ட்ஸ்டீன், சியால்தினி, கிரிஸ்கெவிசியஸ் மூவரும் 2008ல் வெளியிட்ட ஓட்டல் துண்டு ஆய்வை நீங்கள் படித்திருப்பீர்கள். சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற அட்டையைவிட, "இங்கே தங்குபவர்களில் பெரும்பாலோர் துண்டை மறுபடி பயன்படுத்துகிறார்கள்" என்ற அட்டை அதிகம் வேலை செய்தது. இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஃபீபஸ் உண்மை. 1924ல் பல்பு நிறுவனங்கள் ஜெனிவாவில் கூடி, ஆயுளை 1000 மணி நேரத்துக்கு இறக்கின, அதைத் தாண்டி எரியும் பல்பு செய்தவர்களுக்கு அபராதமும் விதித்தன. ஆனால் உங்கள் வழிகாட்டியிடம் சொல்லுங்கள்: உங்கள் வாஷிங் மெஷின் விஷயத்தில் சதி தேவையே இல்லை. யாரும் யாரோடும் கூடிப் பேசாமலேயே அது நடந்தது.

இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன். "ஆயுள் முடிந்தது" என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! நுகர்வோர் நடத்தையை ஆராய்கிறவர், அந்தச் சொல் தன் வாயில் எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? மெஷினைத் திறந்து பார்த்தீர்களா? மோட்டார் ஓடுகிறது, பம்ப் தண்ணீரை வெளியேற்றுகிறது, துணி வெளுக்கிறது. சத்தம் மட்டும் வருகிறது. ஒரு சத்தத்தைக் கேட்டு மரணச் சான்றிதழ் எழுதிவிட்டீர்கள்.

முன்பக்கக் கதவுள்ள மெஷினில் ஸ்பின் வேகம் ஏற ஏற அலறல் கூடினால், பெரும்பாலும் அது டிரம் பேரிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம். மெஷினின் உள்ளே துணி சுழலும் எஃகு டிரம் ஒன்று, தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் டப் ஒன்று. டிரம்மின் முதுகில் மூன்று கை கொண்ட அலுமினிய ஸ்பைடர். அதன் நடுவிலிருந்து ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு புறப்பட்டு, டப்பின் பின்சுவரில் பொருத்திய இரண்டு பேரிங்குகள் வழியாக வெளியே வந்து புல்லி என்ற சக்கரத்தில் முடிகிறது. பேரிங்குக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ரப்பர் சீல். அந்தச் சீலின் உதடு தேய்ந்தால் சோப்புத் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கும், கிரீஸைக் கழுவிவிடும், குண்டுகள் துருப்பிடிக்கும். உங்கள் விமானச் சத்தம் அந்தத் துருவின் சத்தம்.

இதில் நான் வியந்து வியந்து பார்ப்பது அந்தப் பேரிங்கைத்தான். பல மெஷின்களில் அது 6205, 6206 என்ற எண்களில் வரும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், உள்விட்டம் கிடைக்கும். 6205க்கு உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. 6206க்கு 30, 62, 16. எந்த நாட்டில் எந்தத் தொழிற்சாலை செய்தாலும் இதே அளவு. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் வரையறைக்கு உட்பட்டது. தண்ணீர் பம்பிலும் இருக்கும், மரம் அறுக்கும் இயந்திரத்திலும் இருக்கும். தொழில் நவீனமாவது என்றால் என்ன என்று கேட்டால் நான் ரோபோவைக் காட்டமாட்டேன், இந்த எண்ணைக் காட்டுவேன். முகம் தெரியாத இருவர், ஒருவர் செய்ததை இன்னொருவர் மாற்றிப்போட முடியும் என்ற உடன்படிக்கை அது.

அந்தப் பேரிங்கை மாற்றுவது ஒரு நாள் வேலை. மின்இணைப்பைப் பிடுங்கி, குழாயை மூடி, மேல்மூடி, சோப்புத் தட்டு, முன்தகடு, கதவு ரப்பர் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். வயர்களைக் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கான்கிரீட் எடைக்கட்டிகளை முதலில் இறக்கிவிட்டு, ஷாக் அப்சார்பரையும் ஹீட்டர் வயரையும் வடிகுழாயையும் விடுவித்து, ஸ்ப்ரிங்கிலிருந்து டப்பைத் தூக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். டப்பின் விளிம்பைச் சுற்றியிருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் டப் இரண்டு பாதியாகப் பிரியும். புல்லியைக் கழற்றி, ஷாஃப்ட் நுனியில் மரக்கட்டையை வைத்துத் தட்டி டிரம்மை வெளியே எடுக்க வேண்டும். சுத்தியலால் நேரே அடித்தால் மரை நசுங்கும், அதோடு வேலை கெட்டது. பழைய பேரிங்குகளைத் தட்டி எடுத்து, இருக்கையைச் சுத்தம் செய்து, புதியவற்றை வெளிவளையத்தில் மட்டும் அழுத்தி இறக்க வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் குண்டோடும் பாதையில் பள்ளம் விழும், புதிய பேரிங் முதல் நாளே முனகும். இரண்டு பேரிங்கையும் சீலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சீல் மட்டும் மெஷினுக்கு மெஷின் மாறும், அதன் அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டை விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் ஸ்பைடரையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சில மாதத்தில் மறுபடி கசியும்.

இவ்வளவும் ஸ்க்ரூ போட்ட டப்புக்கு. பல மெஷின்களில் இப்போது டப்பின் இரண்டு பாதிகளையும் சூட்டில் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். விளிம்பைச் சுற்றி ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடித்த கோடு மட்டும் ஓடும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். உலகத்தில் எங்கும் கிடைக்கும் பேரிங்கை, அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே ஆன பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அப்புறம் பேரிங் கெட்டால் டப், டிரம், ஸ்பைடர் மொத்தத்தையும் ஒரே உறுப்பாக வாங்க வேண்டும். அதன் விலையைக் கேட்டதும் மெக்கானிக்கே "புதுசு வாங்கிடுங்க" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏன் ஒட்டினார்கள்? ஸ்க்ரூ என்றால் நடுவில் ரப்பர் கேஸ்கெட் வைக்க வேண்டும், இருபது இடத்தில் சரியான முறுக்கத்தில் இறுக்க வேண்டும், ஓரிடத்தில் தளர்ந்தால் கசியும். வெல்டு என்றால் சூடான தகட்டில் இரண்டு விளிம்பையும் இளக வைத்து அழுத்தினால் முடிந்தது. கேஸ்கெட் இல்லை, ஸ்க்ரூ இல்லை, உத்தரவாதக் காலத்தில் கசிவுப் புகாரும் குறைவு. இந்த முடிவை எடுத்த பொறியாளர் வில்லன் இல்லை. அவர் முன் இருந்த கணக்கில் மணிக்கு எத்தனை டப், உத்தரவாதத்துக்குள் எத்தனை புகார் என்ற இரண்டு பத்திகள்தான் இருந்தன. ஆறாவது வருடத்துக்கு அந்தக் கணக்கில் பத்தியே இல்லை. அந்தச் செலவு உங்கள் வீட்டுக் கணக்கிலும் குப்பைமேட்டுக் கணக்கிலும் ஏறுகிறது. சதி தேவையில்லை என்று நான் சொன்னது இதைத்தான். தொழில் எந்தப் பக்கம் நவீனமாகும் என்பதை, எந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே முடிவு செய்கிறது.

சட்டத்தால் அந்தப் பத்தியைச் சேர்க்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2023 என்ற எண்ணுள்ள விதி 2021 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 10 வருடம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், கேட்டால் 15 வேலை நாளில் வந்து சேர வேண்டும் என்கிறது. பட்டியலில் டிரம், ஸ்பைடர், பேரிங் எல்லாம் உண்டு. ஆனால் பக்கத்திலேயே "தனித்தனியாகவோ தொகுப்பாகவோ" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். அந்தத் "தொகுப்பாகவோ" வழியே வெல்டு டப் முழுசாக நுழைந்துவிட்டது. பேரிங் மட்டும் கேட்பவருக்கு டப்பையே கொடுத்தாலும் சட்டம் நிறைவேறிவிடும்! நல்ல விதிதான். அந்த ஒரு சொல்லால் ஓட்டையாகிவிட்டது.

பிரான்சு செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். 2021 முதல் பழுதுபார்ப்புக் குறியீடு என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் கொடுத்து, கடையில் விலைக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னார்கள். கழற்றுவது எவ்வளவு எளிது, பொருளின் விலையோடு ஒப்பிட்டால் உதிரிபாகத்தின் விலை எவ்வளவு என்பதெல்லாம் அதில் கணக்கில் வரும். 2025ல் வாஷிங் மெஷினுக்கு அது நீடித்துழைப்புக் குறியீடாக விரிந்தது. உங்கள் கேள்வித்தாளில் நல்லவராக இருந்தவர் கடையிலும் நல்லவராக இருக்க இப்படி ஒரு எண் வேண்டும். நம் ஊர்க் கடையில் இன்று அந்த இடத்தில் என்ன ஒட்டியிருக்கிறது? "மோட்டாருக்கு 10 வருட உத்தரவாதம்." அலறுவது மோட்டார் இல்லையே! பேரிங்கும் சீலும் அதில் அடங்குமா என்று பாருங்கள், பெரும்பாலும் அடங்காது.

மின்சாரம் மிச்சமாகும் என்று எழுதியிருந்தீர்கள். கணக்குப் போட்டீர்களா? 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 0.7 யூனிட் வேண்டும். 30 டிகிரிக்கு மட்டும் என்றால் 0.17 யூனிட் போதும். துவைக்கும் மெஷினின் மின்சாரத்தில் பெரும்பங்கு இந்தச் சூட்டுக்குத்தான், டிரம்மைச் சுழற்ற ஆவது கொஞ்சம். பழைய மெஷினில் வெப்பநிலைத் திருகியை இறக்கினாலே பெரிய மிச்சம் வந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே பச்சைத் தண்ணீரில் துவைப்பவர் என்றால், புதிய மெஷின் மிச்சப்படுத்த அங்கே அதிகம் இல்லை. அதற்காக ஒரு முழு மெஷினின் எஃகையும் பிளாஸ்டிக்கையும் கான்கிரீட்டையும் தூக்கிப்போடுவது எந்த ஊர் சிக்கனம்?

உங்கள் பங்கும் இதில் உண்டு, சொல்லாமல் விடமாட்டேன். ஆறு வருடத்தில் சீல் போனதற்கு நீங்கள் துவைக்கும் விதமும் காரணமாக இருக்கலாம். சலவைத்தூளை அளவுக்கு மேல் கொட்டினால் நுரை மெத்தை போல நின்று துணியை அடிபட விடாது. அலசிப் போகாத எச்சம் சீலிலும் ஸ்பைடரிலும் படியும். கார எச்சம் ஈரத்தோடு கிடந்தால் அலுமினியத்தை அரிக்கும். எப்போதும் பச்சைத் தண்ணீர் என்றால் உள்ளே வழுவழுப்பான படலம் வளரும். மாதம் ஒருமுறை துணியில்லாமல் 60 டிகிரியில் ஓட விடுங்கள். துவைத்து முடிந்ததும் கதவையும் சோப்புத் தட்டையும் திறந்து வையுங்கள். துணிக்கு மேல் ஒரு கை நுழையும் இடம் விடுங்கள். கனமான ஒரே ஒரு மிதியடியைப் போட்டு ஸ்பின் ஓட்டாதீர்கள், எடை ஒரு பக்கம் சாய்ந்து முழு உதறலும் பேரிங்கில் விழும்.

மனமா, தொழிற்சாலையா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்வித்தாளில் "கூடுதல் விலை கொடுப்பீர்களா" என்பதை எடுத்துவிடுங்கள். "கடைசியாகத் தூக்கிப்போட்ட பொருளில் எந்த உறுப்பு கெட்டிருந்தது?" என்று கேளுங்கள். பதில் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். உங்கள் ஆய்வு அங்கிருந்து நன்றாக வளரும், உங்களால் அது முடியும்.

அதற்கு முன், மெஷினின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறங்கள். டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். டப்பும் சேர்ந்து ஸ்ப்ரிங்கில் ஆடினால் அது இயல்பு. டிரம் மட்டும் தனியாக லொடலொடத்தால் பேரிங் போய்விட்டது. பிறகு பின்தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, புல்லிக்குக் கீழே பழுப்பு நிறத்தில் துரு வழிந்த தடம் இருக்கிறதா பாருங்கள். டப்பின் விளிம்பில் தெரிவது ஸ்க்ரூவா, கோடா என்று எனக்கு எழுதுங்கள். கோடாக இருந்தாலும் ஒரு வழி உண்டு: அறுக்கும் முன் விளிம்பைச் சுற்றி 4 மில்லிமீட்டர் துளைகள் போட்டுவிட வேண்டும். பிறகு வெல்டு கோட்டின் மேலேயே ரம்பத்தால் அறுத்து, வேலை முடிந்ததும் சிலிக்கான் பூசி அதே துளைகளில் போல்ட் போட வேண்டும். டப்பை அறுத்த பிறகு துளை போட்டால் இரண்டு பாதியும் நேராக உட்காராது.

அன்புடன்.