மூச்சுக் கருவியுடன் உறங்கப் பழகுதல்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா நோய்க்காக, மாஸ்க் வழியே காற்றழுத்தம் அனுப்பும் சிபேப் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: எனக்கு வயது 52. உறக்கப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. 38 என்று வந்ததால் சிபேப் கருவியைப் பயன்படுத்தச் சொன்னார்கள். வாங்கிச் சில வாரங்கள் ஆகின்றன. மாஸ்க்கை முகத்தில் வைத்த உடனேயே மூச்சு முட்டுவது போல் இருக்கிறது. எப்படியோ உறங்கிப்போனாலும், காலையில் பார்த்தால் மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எப்போது கழற்றினேன் என்பதே நினைவில் இல்லை. இந்தக் கருவி எனக்கு ஒத்துவராது என்று முடிவுசெய்துவிடலாமா?

பதில்: அப்படி முடிவுசெய்ய வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு சிரமங்களும் புதிதாகத் தொடங்குபவர்களில் பலருக்கு வருபவை. இரண்டுக்கும் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய காரணங்கள் இருக்கின்றன.

முதலில் 38 என்ற எண்ணின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு முழுதாக நிற்பதும், பெருமளவு குறைவதும் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நிகழ்கின்றன என்பதையே அந்த எண் காட்டுகிறது. ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. முப்பதும் அதற்கு மேலும் கடுமையான நிலை. அதாவது, சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் மூச்சு தடைப்படுகிறது, பெரும்பாலும் அப்போது மூளை உங்களை அரைகுறையாக விழிக்கச் செய்து மூச்சை மீட்டுத் தருகிறது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாவும் மெல்லண்ணமும் பின்னோக்கிச் சரிந்து வழியை அடைப்பதுதான் இதற்குக் காரணம். தளர்ந்த பந்தலுக்கு முட்டுக் கொடுப்பது போல, கருவி அனுப்பும் காற்றழுத்தம் அந்த வழியை உள்ளிருந்து தாங்கி நிறுத்துகிறது. கருவி உங்களுக்காக மூச்சு விடுவதில்லை. மூச்சு விடுபவர் நீங்கள்தான்.

இனி, மூச்சு முட்டும் உணர்வுக்கு வருவோம். அழுத்தம் அதிகமாக இருப்பதால்தான் இது வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பல நேரங்களில் காரணம் அதற்கு நேர்மாறானது. பெரும்பாலான கருவிகளில், உறக்கம் வரும் வரை குறைந்த அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும் ரேம்ப் என்ற ஏற்பாடு உண்டு. அந்தத் தொடக்க அழுத்தம் கருவியின் மிகக் குறைந்த அளவான 4 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் வைக்கப்பட்டிருந்தால், விழித்திருக்கும் வளர்ந்த ஒருவருக்குப் போதிய காற்று வராதது போலவே தோன்றும். உங்கள் கருவியில் அது எவ்வளவு வைக்கப்பட்டிருக்கிறது என்று மருத்துவரிடமோ உறக்க ஆய்வகத் தொழில்நுட்பரிடமோ கேளுங்கள். சற்று உயர்த்தியதும் திணறல் விலகியவர்கள் நிறையப் பேர். மூச்சை வெளிவிடுவதுதான் கடினமாக இருக்கிறதென்றால், வெளிமூச்சின்போது மட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் வசதியை இயக்கச் சொல்லுங்கள். எது உங்கள் சிரமம், உள்ளிழுப்பதா, வெளிவிடுவதா என்பதைக் கவனித்துச் சொன்னால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும்.

இவற்றைச் சரிசெய்த பிறகும் மாஸ்க்கைக் கண்டாலே பதற்றம் வருமானால், இரவில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டுப் பகலில் பழகுங்கள். முதலில் குழாயை இணைக்காமல் மாஸ்க்கை மட்டும் கையால் முகத்தில் பிடித்து, சில நிமிடங்கள் மூச்சு விட்டுப் பாருங்கள். அது இயல்பான பின் பட்டைகளை மாட்டுங்கள். அடுத்து குழாயை இணைத்துக் கருவியை இயக்கி, தொலைக்காட்சி பார்த்தபடியோ புத்தகம் படித்தபடியோ நாற்காலியில் அமர்ந்திருங்கள். அதுவும் பழகிய பின் பகலில் படுத்துச் சற்று ஓய்வெடுங்கள். பிறகு இரவுக்குப் போகலாம். ஒரு படியில் பதற்றம் தணியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

உறக்கத்தில் தெரியாமல் கழற்றிவிடுவது உங்கள் குற்றமே அல்ல. ஏதோ ஒன்று உங்களை அரைவிழிப்புக்குக் கொண்டுவருகிறது, கை தானாக மாஸ்க்கை நோக்கிப் போகிறது. அந்த ஏதோ ஒன்று மூக்கடைப்பாக இருக்கலாம், கண்ணில் அடிக்கும் காற்றுக் கசிவாக இருக்கலாம், போதாத அழுத்தத்தால் மூச்சு மீண்டும் தடைப்படுவதாகவும் இருக்கலாம். இன்றைய கருவிகள் ஒவ்வோர் இரவும் பயன்பாட்டு நேரம், கசிவின் அளவு, எஞ்சியிருக்கும் மூச்சுத் தடைகள் ஆகியவற்றைப் பதிவு செய்கின்றன. நீங்கள் மாஸ்க்கைக் கழற்றிய நேரத்துக்குச் சற்று முன்னர் அந்தப் பதிவில் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் காரணம் அங்கேயே தெரியும். அதுவரை, நடுஇரவில் விழிக்கும்போது மாஸ்க் கழன்றிருந்தால், உங்களை நொந்துகொள்ளாமல் எடுத்து மீண்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் அணிகிறார். காலையில் அவருடைய வாயும் தொண்டையும் வறண்டுவிடுகின்றன. இரவெல்லாம் சீட்டி அடிப்பது போல் காற்று கசிகிறது. கசிவை நிறுத்தப் பட்டையை இறுக்கி இறுக்கி இப்போது மூக்குத் தண்டில் புண்ணே வந்துவிட்டது. வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாற்றிவிடலாமா?

பதில்: பட்டையை இறுக்குவதை இன்றிரவே நிறுத்தச் சொல்லுங்கள், அம்மா. மாஸ்க்கின் மென்மையான விளிம்பு காற்றால் சற்று உப்பி, முகத்தில் மிதந்து நிற்கும்போதுதான் சரியாக ஒட்டும். இறுக்கினால் அந்த விளிம்பு மடிந்து, கசிவு கூடவே செய்யும். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் இந்தச் சிகிச்சையை ஐந்து நோயாளிகளிடம் செய்து காட்டி லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட காலத்தில், காற்று கசியாமல் இருக்க மூக்கில் சிலிக்கோன் கொண்டு அடைக்க வேண்டியிருந்தது. அன்று முதல் இன்று வரை இந்தச் சிகிச்சையின் கடினமான பகுதி மாஸ்க்தான் என்பது என் கருத்து. கருவியைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தைவிட அதிக நேரத்தை மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கச் செலவிடுவது தகும்.

மாஸ்க்கை உட்கார்ந்து பொருத்தக் கூடாது. படுத்தால் முகத்தின் தசைகள் இடம் மாறும். ஆகவே அவர் வழக்கமாக உறங்கும் நிலையில் படுத்து, கருவி முழு அழுத்தத்தில் இயங்கும்போது, பட்டைகளை எல்லாம் தளர்த்திவிட்டு, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் மெல்ல இழுத்துப் பொருத்த வேண்டும். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் விளிம்பு வழுக்கும். படுக்கைக்குப் போகும் முன் முகம் கழுவுவதும், மாஸ்க்கின் விளிம்பை நாள்தோறும் மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவுவதும் கசிவைக் குறைக்கும். புண் ஆறும் வரை, மூக்குத் தண்டைத் தொடாமல் நாசித் துளைகளின் அடியில் மட்டும் பொருந்தும் சிறிய மாஸ்க்கைப் பயன்படுத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வாய் வறட்சி வேறொரு செய்தியைச் சொல்கிறது. மூக்கின் வழியே செல்லும் காற்று திறந்த வாயின் வழியே வெளியேறுகிறது. வாய் ஏன் திறக்கிறது என்றால், பெரும்பாலும் மூக்கு அடைத்திருப்பதால்தான். ஈரமற்ற காற்று இரவெல்லாம் வீசும்போது மூக்கின் உட்சவ்வு வீங்கி அடைப்பு கூடுகிறது. அடைப்பு கூடக்கூட வாய் இன்னும் திறக்கிறது. இந்தச் சுழலை அறுப்பதற்குக் கருவியில் உள்ள, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரின் அளவை உயர்த்துவதே முதல் வழி. அப்படி உயர்த்தும்போது குழாயில் நீர் கோத்து முகத்தில் தெறித்தால், வெப்பமூட்டும் குழாய்க்கு மாறலாம், அல்லது குழாயைத் துணியுறையால் மூடலாம். உறங்கும் முன் உப்புநீர்த் தெளிப்பால் மூக்கைச் சுத்தம் செய்வது உதவும். ஒவ்வாமை இருந்தால் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பு தேவையா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். உடனடியாக அடைப்பை நீக்கும் சொட்டு மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால் அவையே அடைப்பை வளர்க்கும் என்பதை மறக்க வேண்டாம்.

வாயையும் மூடும் பெரிய மாஸ்க் தேவைப்படுபவர்கள் உண்டு. மூக்கின் வழியே மூச்சு விடவே முடியாதவர்களுக்கு அதுவே வழி. ஆனால் அது முகத்தின் பெரும்பரப்பில் ஒட்ட வேண்டியிருப்பதால் கசிய வாய்ப்பு அதிகம். மேலும், கீழ்த்தாடையைப் பின்னோக்கித் தள்ளுவதால் சிலருக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். எனவே மூக்கைச் சரிசெய்து பார்த்த பிறகே அதற்கு மாறுங்கள்.

கேள்வி: காலையில் வயிறு உப்பி, ஏப்பமும் வாயுவுமாக அவதிப்படுகிறேன். கருவியால் இப்படி ஆகுமா?

பதில்: ஆகும். காற்றின் ஒரு பகுதி உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குள் இறங்குகிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களிடமும் அழுத்தம் அதிகமாக வைக்கப்பட்டவர்களிடமும் இது அடிக்கடி காணப்படுகிறது. படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்திப் பாருங்கள்; குணமில்லையெனில், கருவியின் பதிவைக் கொண்டு அழுத்தத்தைக் குறைக்க முடியுமா, தேவைக்கேற்ப அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் தானியங்கி வகை பொருந்துமா, உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் தனித்தனி அழுத்தம் தரும் பைபேப் வேண்டுமா என்று மருத்துவர் ஆராய்வார். நீங்களாகவே அழுத்தத்தை மாற்ற வேண்டாம்.

கேள்வி: தினமும் நான்கு மணி நேரம் அணிந்தால் போதும் என்று நண்பர் சொன்னார். அதன்படி அதிகாலை மூன்று மணிக்குக் கழற்றிவிடுகிறேன். ஆனாலும் பகலில் சோர்வு முழுதாக நீங்கவில்லை. ஏன்?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஓர் இரவுக்கு நான்கு மணி நேரம், 70 சதவீத இரவுகள் என்ற கணக்கு, கருவிக்கான செலவைத் தொடர்ந்து ஏற்பதா என்று தீர்மானிக்க அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு வைத்திருக்கும் அளவுகோல். அது நோய் குணமாகும் எல்லையைக் குறிப்பதல்ல. கனவுகள் மிகுந்த ரெம் உறக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகம் வருகிறது. அந்த நிலையில் தசைகள் மிகவும் தளர்வதால் மூச்சுத் தடைகள் பலருக்கு அப்போதுதான் நீண்டும் கடுமையாகவும் இருக்கும். மூன்று மணிக்குக் கழற்றும்போது, பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதை நீக்கிவிடுகிறீர்கள்.

அணியும் நேரம் கூடக்கூடப் பகல் உறக்கக் கலக்கம் குறைந்து அன்றாடச் செயல்திறன் மேம்படுகிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. இதயம் குறித்து ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ ஏற்கெனவே உள்ள 2,717 பேரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான சேவ் ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் கருவியால் குறையவில்லை. பகல் உறக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது. அந்த ஆய்வில் கருவியை அணிந்த சராசரி நேரம் ஓர் இரவுக்கு 3.3 மணி மட்டுமே. முழு இரவும் அணிந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதை அந்த ஆய்வு தீர்த்துவைக்கவில்லை. ஆகவே மாரடைப்பைத் தடுக்கும் கவசம் என்று இக்கருவியை நான் வாக்குறுதி அளிக்க மாட்டேன். உங்கள் பகல்பொழுதை மீட்டுத் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

உறங்கும் நேரம் முழுவதும் அணிந்து, பதிவில் ஏ.எச்.ஐ. ஐந்துக்குக் கீழே வந்த பிறகும் சோர்வு நீடித்தால், மொத்த உறக்க நேரம், தைராய்டு, மனச்சோர்வு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை ஆராய வேண்டும். மதுவும் தூக்க மாத்திரைகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தக்கூடியவை என்பதால், மதுவைத் தவிர்த்து, மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் தெரிவியுங்கள். உறக்கக் கலக்கம் தீரும் வரை வாகனம் ஓட்டாதீர்கள். இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

கேள்வி: அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறது. இரவில் மின்சாரம் நின்றுவிட்டால் மாஸ்க்குக்குள் மூச்சு முட்டிவிடுமோ என்று அஞ்சுகிறார். ஓசோன் கொண்டு கருவியைச் சுத்தம் செய்யும் சாதனத்தை வாங்கலாமா என்றும் கேட்கிறார்.

பதில்: அப்பாவிடம் தைரியம் சொல்லுங்கள். வெளிமூச்சு வெளியேற மாஸ்க்கில் துளைகள் உண்டு; வாயையும் மூடும் மாஸ்க்குகளில், காற்றோட்டம் நின்றதும் வெளிக்காற்றுக்கு வழிவிடும் வால்வும் உண்டு. ஆனாலும் கருவி இயங்காதபோது மாஸ்க்கை அணிந்தபடியே இருக்கக் கூடாது, கழற்றிவிட வேண்டும். அவர் கேட்காத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: சில மாஸ்க்குகளின் பட்டைகள் காந்தப் பொருத்திகளால் இணைகின்றன. அந்தக் காந்தங்கள் பேஸ்மேக்கர் போன்ற பொருத்தப்பட்ட கருவிகளின் செயல்பாட்டைக் குலைக்கக்கூடும். அப்பாவின் மாஸ்க்கில் காந்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் காந்தம் இல்லாத வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். உடன் படுத்து உறங்குபவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஓசோன் சாதனம் வேண்டாம். அது நுரையீரலை உறுத்தும் வாயு. அத்தகைய சாதனங்களைக் குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்திருக்கிறது. சோப்பும் நீரும் போதும். ஹியூமிடிஃபையரில் நாள்தோறும் மிச்ச நீரைக் கொட்டிவிட்டு, காய்ச்சி வடித்த நீரைப் புதிதாக ஊற்ற வேண்டும்.

கேள்வி: கருவியை வாழ்நாள் முழுவதும் அணிய வேண்டுமா? எடையைக் குறைத்தால் விட்டுவிடலாமா?

பதில்: கருவி நோயைக் கட்டுப்படுத்துகிறது, நீக்குவதில்லை. அணிவதை நிறுத்தினால் சில நாட்களுக்குள் மூச்சுத் தடைகள் திரும்பிவிடும். எடைக் குறைப்பு உண்மையான பலன் தரும் வழி. உடற்பருமனுடன் மிதமான அல்லது கடுமையான ஸ்லீப் ஆப்னியா உள்ள பெரியவர்களுக்கு எடையைக் குறைக்கும் டிர்செபடைடு என்ற மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்கா அங்கீகரித்திருக்கிறது. கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பல் சாதனம், மல்லாந்து படுக்காமல் பழகுதல், நாக்கின் நரம்பைத் தூண்டும் பொருத்துகருவி ஆகியவை தகுந்தவர்களுக்கு மாற்று வழிகள். ஆனால் எடை குறைந்ததும் குறட்டை நின்றுவிட்டது என்பதை மட்டும் நம்பிக் கருவியை மூடி வைத்துவிடாதீர்கள். குறட்டை இல்லாமலும் மூச்சு தடைப்படலாம். கருவி இல்லாமல் மறுபடி உறக்கப் பரிசோதனை செய்து, அதன் அறிக்கையைப் பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்த வேண்டும். அதற்கிடையில், முன்பு பொருந்திய அழுத்தம் இப்போது அதிகமாகத் தோன்றினாலோ, முகம் மெலிந்து மாஸ்க் தளர்ந்தாலோ அதையும் தெரிவியுங்கள். அழுத்தத்தையும் மாஸ்க்கின் அளவையும் உங்கள் புதிய எடைக்கு ஏற்ப மாற்றித் தருவார்கள்.