ஆப்பசோடாவும் அத்தையின் துவையலும்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ இரண்டு சைக்கிள் முடிந்திருக்கிறது. சிவப்பு மருந்து ஏற்றுகிறார்கள். கட்டியைச் சுற்றி அமிலம் இருக்கும், அதைக் குறைத்தால் மருந்து நன்றாக வேலை செய்யும் என்று படித்தேன். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஓட்டோ வார்பர்க்குக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று வாட்ஸப்பிலும் வந்தது. தினமும் காலையில் வெந்நீரில் ஆப்பசோடா கலந்து கொடுக்கிறேன். கார உணவுகளையும் கூட்டியிருக்கிறோம். டாக்டரிடம் சொல்லவில்லை, திட்டுவார். நான் செய்வது சரிதானா? விஞ்ஞானிகள் ஏன் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை?

ஒரு வாசகர், தேனி

அன்புள்ள தம்பி,

டாக்டர் திட்டுவார் என்பதால் சொல்லவில்லை என்கிறீர்கள். சரி, நான் திட்டுகிறேன். ஏற்கனவே கீமோவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, மருத்துவம் பார்ப்பவருக்குத் தெரியாமல் தினமும் ஒன்றைக் கரைத்துக் கொடுக்கிறீர்கள். அதைப் பாசம் என்று வேறு நினைத்துக்கொள்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் கடிதத்தைத் தள்ளி வைத்திருப்பேன். 'கார உணவு' என்ற இரண்டு சொற்கள் விடவில்லை. போன வாரம்தான் என் அண்ணன் பேத்தி அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'காரங்கள் கசப்புச் சுவை உடையவை' என்று போட்டிருந்தது. "காரம் எப்படி தாத்தா கசக்கும்?" என்றாள். அன்றிலிருந்து என் அத்தை நினைவாகவே இருக்கிறேன்.

அத்தைக்கும் இதே நோய்தான். முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, இட்லியைப் பாலில் கரைத்து விழுங்கிக்கொண்டிருந்த சமயம். தெரிந்தவர் ஒருவர் ஜெராக்ஸ் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். 'புற்றுநோய் அமிலத்தில் வளரும், காரத்தில் சாகும்' என்று அதில் இருந்தது. மறுநாளிலிருந்து அத்தை பன்னிரண்டு மிளகாய் வற்றலும் பூண்டும் வைத்து அம்மியில் துவையல் அரைக்கச் சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிடுவார். வாய்க்கு ருசி திரும்பிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். பத்து நாள் கழித்து நர்ஸ் டார்ச் அடித்து வாயைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் அத்தை சொன்னார்: "எனக்கு எரிஞ்சா அதுக்கும் எரியும்ல?"

அத்தை முட்டாள் இல்லை, தம்பி. கோயில் கணக்கு எழுதியவர். தப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. சவுக்காரம், வெண்காரம் என்று சொல்லும்போது நாக்கில் உறைக்கும் காரத்தை நாம் நினைப்பதில்லை. அது வேறு காரம், அமிலத்துக்கு எதிரானது என்று நம் முன்னோருக்குத் தெரியும். வண்ணார் உவர்மண் போட்டு வெளுத்த காலத்து அறிவு அது. ஆனால் படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், அது அமிலத்தின் பக்கம் நிற்கும்! இப்படி ஏற்கனவே குழம்பிக் கிடந்த சொல்லை எடுத்துப் பாடப்புத்தகத்தில் வைத்தோம். வைத்தவர்கள் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம், 'இது மிளகாய்க் காரம் அல்ல' என்று. ஒரே ஒரு வரி. அதை எழுத யாருக்கும் தோன்றவில்லை. நீங்கள் கூட்டியிருக்கும் கார உணவு எந்தக் காரம் என்று உங்கள் கடிதத்திலும் இல்லை.

வார்பர்க் விஷயத்துக்கு வருகிறேன். 1920-களில் பெர்லினில் அவர் கண்டது, கட்டித் திசு ஆக்சிஜன் இருக்கும்போதும் சர்க்கரையை அள்ளித் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகிறது என்பதை. 1931 நோபல் அதற்கில்லை, செல்லின் சுவாச நொதி பற்றிய ஆய்வுக்கு. அமிலத்தால் கட்டி வருவதில்லை, கட்டிதான் அமிலத்தை வெளியே தள்ளுகிறது. சாயப்பட்டறை நொய்யலில் கழிவை விட்ட மாதிரி. அமிலமா காரமா என்று காட்டும் எண் பி.ஹெச்., அது குறையக் குறைய அமிலம் கூடும். ரத்தத்தில் அது 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்கும். கட்டியின் வெளிப்புறத்தில் 6.5 வரைகூட இறங்கிவிடும். அந்தக் கழிவில், நோயோடு சண்டை போடும் டி செல்கள் சோர்ந்துபோகின்றன. உங்கள் அம்மாவின் சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசினாக இருந்தால், வேதியியல் கணக்கில் அதுவே ஒரு மெல்லிய காரம்தான். அமிலத்தில் அது மின்னேற்றம் பெற்று, செல் சவ்வைத் தாண்ட முடியாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆக, நீங்கள் படித்த அடிப்படை சரிதான். அதை மறுக்கவில்லை.

விஞ்ஞானிகள் வாய் திறப்பதில்லையா? 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கில்லீஸும் கூட்டாளிகளும் மார்பகப் புற்று வைத்த எலிகளுக்கு ஆப்பசோடா கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். நோய் பரவுவது குறைந்தது. முதல் கட்டி சுருங்கவில்லை. 2016-ல் சீனாவின் ஹாங்சோவில், ஈரல் கட்டிக்குப் போகும் தமனிக்குள் குழாய் விட்டு, மருந்தோடு சோடாக் கரைசலை நேராக அங்கேயே இறக்கிப் பார்த்தார்கள். சிறிய ஆய்வு, பலன் நன்றாகவே இருந்தது. வாளவரைக் கொட்டையில் இருக்கும், அமிலத்தைக் குறைக்கும் யூரியேஸ் என்ற நொதியை, புற்றுச் செல்லைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடியோடு இணைத்து நுரையீரல் புற்றுக்கு அனுப்பிப் பார்த்தவர்களும் உண்டு. வாய் திறக்காமலா இத்தனையும் நமக்குத் தெரிந்தது? 'காரத் தண்ணீர்' ஆசாமிகளைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. கலிஃபோர்னியாவில் ராபர்ட் யங் என்பவரை நம்பிச் சிகிச்சையை விட்ட ஒரு பெண்ணுக்கு அவர் 10.5 கோடி டாலர் தரவேண்டும் என்று 2018-ல் ஜூரி சொன்னது. அது போதும்.

ஆப்பசோடாவை வாய்வழியாக மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க ஆய்வாளர்கள் நினைத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு அரை கிராம். 60 கிலோ ஆளுக்குத் தினம் 30 கிராம். ஒரு டம்ளரில் ஆறு டீஸ்பூன் போட்டு நீங்களே ஒருமுறை வாயில் வைத்துப் பாருங்கள். சவுக்காரத்தை நக்கிய மாதிரி இருக்கும், வயிறு பொருமும். அந்தச் சுவைக்கும் வயிற்றுக்கும் பயந்தே நோயாளிகள் விலகிக்கொண்டார்கள். அதில் இருக்கும் சோடியம் 8 கிராம், 20 கிராம் சாப்பாட்டு உப்புக்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்வது 5 கிராம் உப்பு. சிவப்பு மருந்து இதயத்தைத் தொடும், அதனால்தான் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். அந்த இதயத்தின் மேல் உப்பையும் ஏற்றுவீர்களா?

"ஒரு ஸ்பூன்தானே கொடுக்கிறேன்" என்பீர்கள். ஒரு ஸ்பூன் கட்டியின் அமிலத்தை அசைக்காது. வயிற்று அமிலத்தை மட்டும் சற்று நேரம் அசைக்கும். அந்த அமிலம் இருந்தால்தான் சரியாகக் கரையும் மாத்திரைகள் உண்டு, நுரையீரல் புற்றுக்குக் கொடுக்கும் எர்லோடினிப் மாதிரி. அம்மாவுக்கு அடுத்து எதை எழுதப்போகிறார்கள் என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது. எழுதப்போகிறவருக்குச் சோடா விஷயம் தெரியாது. எங்கள் வீட்டிலும் துவையல் விஷயம் தெரியவேண்டியவருக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

அடுத்த சைக்கிளுக்குப் போகும்போது ஆப்பசோடா பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போய் டாக்டர் மேஜையில் வையுங்கள். எத்தனை நாள், எத்தனை ஸ்பூன் என்று சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு வாய்ப்புண் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கு ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள்.