கண்ணாடி வழியே தேம்ஸ் தெரிகிறது, குக்கர் சூடாகுமா?

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். லண்டன் கேனரி வார்ஃப் அலுவலகத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. மனைவி, 4 வயது மகளோடு ஆகஸ்டில் கிளம்புகிறோம். ராயல் டாக்ஸ் பகுதியில் ஒன்பதாவது மாடியில், தேம்ஸைப் பார்த்த மாதிரி இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை ஏஜென்ட் வீடியோவில் காட்டினார். மாத வாடகை 2,400 பவுண்ட். எங்களுக்கு அங்கே கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்பதால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார். உறவினர்களோ "பேசாமல் ஈஸ்ட் ஹாமில் வீடு பார்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதல் காரியமாக, அந்த 14,400 பவுண்டை அனுப்பாதீர்கள்.

இங்கிலாந்தில் வாடகைச் சட்டம் மாறிவிட்டது. 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2026 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் வாடகை கேட்கவே கூடாது. கையெழுத்தான பிறகும் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணமாகக் கேட்க முடியாது. கிரெடிட் ஹிஸ்டரி இல்லாத நம்மைப் போன்றவர்களிடம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாக வாங்குவது பழைய வழக்கம். பழக்கதோஷத்தில் இன்னும் கேட்பவர்கள் இருக்கலாம். உங்கள் ஏஜென்ட் அந்த ரகமா, இல்லாத ஃபிளாட்டைக் காட்டிப் பணம் பறிக்கும் ரகமா என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், நேரில் பார்க்காமல் பணம் வேண்டாம்.

அந்த ஒரு மாத வாடகை தவிர, அவர் சட்டப்படி கேட்கக்கூடியது இவ்வளவுதான். வீட்டைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகை. டெபாசிட், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால், அதிகபட்சம் ஐந்து வார வாடகை. 2,400-ஐ 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 553 பவுண்டும் சில்லறையும் வரும். ஐந்து வாரத்துக்கு 2,769. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது சொற்பமாகத் தெரியும். அந்த டெபாசிட்டையும் வீட்டுக்காரர் தன் கையில் சும்மா வைத்துக்கொள்ள முடியாது. 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றின்கீழ் கொண்டுவந்து, அந்த விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும்.

கிரெடிட் ஹிஸ்டரிக்குப் பதிலாக கம்பெனியின் வேலைக் கடிதத்தைச் சம்பளத் தொகையோடு காட்டுங்கள். கேட்டால் ஜாமீன்தாரராக உறவினர் ஒருவரை நிறுத்தலாம். விசாவுக்கான ஷேர் கோடையும் (உங்கள் விசாவை வீட்டுக்காரர் ஆன்லைனில் சரிபார்க்க உதவும் எண்) கையில் வைத்திருங்கள், அதைச் சரிபார்க்காமல் யாரும் வீடு தர மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை. "கம்பெனி பேரிலேயே அக்ரிமென்ட் போட்டுவிடலாமே" என்று யாராவது யோசனை சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மேலே சொன்ன புதிய பாதுகாப்புகள் தனிநபர் பேரில் இருக்கும் வாடகைக்குத்தான். கம்பெனி எடுத்துக் குடிவைக்கும் வீட்டுக்கு அவை பொருந்தாது.

இனி இடத்துக்கு வருவோம். ராயல் டாக்ஸ் என்பது மூன்று பெரிய கப்பல் துறைகள்: 1855-இல் விக்டோரியா, 1880-இல் ஆல்பர்ட், 1921-இல் ஐந்தாம் ஜார்ஜ். கன்டெய்னர் கப்பல்கள் வந்து துறைமுக வேலையெல்லாம் கடலுக்குப் பக்கத்தில் இருந்த டில்பரிக்குப் போனதும் 1981-இல் இவை மூடப்பட்டன. அதே ஆண்டு அமைந்த டாக்லாண்ட்ஸ் மேம்பாட்டுக் கழகம் 1998 வரை இருந்தது. 1987-இல் டி.எல்.ஆர். ரயிலும் லண்டன் சிட்டி விமான நிலையமும் வந்தது அதன் காலத்தில்தான். வரலாறு போதும். உங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசித் தகவல்: விமான நிலையம்.

அதன் ஓடுபாதை ஆல்பர்ட் துறைக்கும் ஜார்ஜ் துறைக்கும் நடுவில் இருக்கும் ஒடுக்கமான நிலத்தில் கிடக்கிறது. வீடியோவில் ஆறு தெரியும், விமானச் சத்தம் கேட்காது. இரவில் விமானம் கிடையாது, சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு மதியம் வரையும் கிடையாது. ஏஜென்ட்கள் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வீடு காட்ட ஆசைப்படுவது ஏன் என்று நானும் பல நாள் யோசித்ததுண்டு. ஒரு வேலைநாள் காலை ஏழரைக்கு போய் நில்லுங்கள், பால்கனிக் கதவைத் திறந்தும் மூடியும் கேளுங்கள்.

வீட்டுக்குள் போனதும் எல்லோரும் நேராக ஜன்னலுக்குப் போவார்கள். நீங்கள் வாசலை ஒட்டிய அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே குழாய்களும் மீட்டரும் வைத்த வெள்ளைப் பெட்டி இருந்தால், அது கட்டடம் முழுவதற்கும் ஒரே இடத்தில் வெந்நீர் காய்ச்சி அனுப்பும் முறை. புதுக் கட்டடங்களில் பெரும்பாலும் இதுதான். கேஸ் கம்பெனியை மாற்றுவதுபோல இதை மாற்ற முடியாது. சாதாரண கேஸ், மின்சாரக் கட்டணங்களுக்கு இருக்கும் அரசு உச்சவரம்பும் இதற்குக் கிடையாது. 2026 ஜனவரியிலிருந்து கேஸ், மின்சாரத் துறையை மேற்பார்க்கும் ஆஃப்ஜெம் அமைப்பின் கண்காணிப்பின்கீழ் வந்திருக்கிறது, அது ஒரு ஆறுதல். யூனிட் விலை எவ்வளவு, வெந்நீரைத் தொடாவிட்டாலும் தினசரி கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். முன்பு இருந்தவரின் ஜனவரி மாத பில்லைக் காட்ட முடியுமா என்றும் கேளுங்கள். முடியாது என்று சொன்னால் பரவாயில்லை, முகம் மாறினால் கவனியுங்கள்.

அடுத்தது சமையலறை. ஹால், சமையல் எல்லாம் ஒரே அறையாக இருக்கும். அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷன் அல்லது கண்ணாடித் தட்டு மின்அடுப்பு. மேலே இருக்கும் புகைபோக்கி நிஜத்தில் புகையைப் போக்குகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அது காற்றை ஒரு கரி வடிகட்டி வழியே உறிஞ்சி அதே அறைக்குள்ளேயே திருப்பி விடும். மீன் குழம்பு வைத்தால் மூன்று நாள் சோபாவில் அது உட்கார்ந்திருக்கும். ஜன்னலைத் திறக்கலாம் என்றால், உயர்ந்த மாடிகளில் குழந்தைப் பாதுகாப்புக்காக நாலு விரற்கடைக்கு மேல் திறக்காதபடி பூட்டியிருப்பார்கள். மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் என்றால் ஜூலை மாத மாலையில் வீடு கொதிக்கும். சென்னைக்காரருக்கு லண்டன் வெயிலா என்று சிரிக்காதீர்கள். இங்கே ஏ.சி.யும் இருக்காது, சீலிங் ஃபேனும் இருக்காது, ராத்திரி பத்து மணிக்குக்கூட வெளிச்சம் மிச்சமிருக்கும்.

நான் டாக்லாண்ட்ஸில் முதலில் இருந்த வீட்டில் சமையல் மேடை பளீர் வெள்ளை. காலி செய்தபோது மஞ்சள் கறைக்கென்று டெபாசிட்டில் கணிசமாகப் பிடித்தார்கள். குடிவந்த அன்று ஒரு போட்டோ எடுத்திருந்தால் அந்தக் கறையில் பாதி எனக்கு முன்பே இருந்தது என்று காட்டியிருப்பேன். எடுக்கவில்லை. நீங்கள் முதல் நாளே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன், மூலைமுடுக்கெல்லாம் தேதியோடு படம் எடுத்து ஏஜென்டுக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். தகராறு வந்தால் டெபாசிட் திட்டத்தின் இலவச மத்தியஸ்தத்தில் அதுதான் பேசும்.

வேலைக்குப் போவது சுலபம். கஸ்டம் ஹவுஸ் ஸ்டேஷனிலிருந்து எலிசபெத் லைனில் அடுத்த நிறுத்தமே கேனரி வார்ஃப். ஆனால் உங்கள் கட்டடம் விக்டோரியா துறைக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் இருந்தால் கஸ்டம் ஹவுஸுக்கு ஒரு உயரமான நடைபாலத்தைக் கடக்க வேண்டும். லிஃப்ட் உண்டு, ஜனவரிக் காற்றும் உண்டு. இல்லையென்றால் பான்டூன் டாக்கிலோ வெஸ்ட் சில்வர்டவுனிலோ டி.எல்.ஆர். ஏறி, கேனிங் டவுனில் ஜூபிலி லைனுக்கு மாற வேண்டும். டிரைவர் இல்லாத ரயிலின் முன் சீட்டில் மகளை உட்கார வைத்தால் அந்த வாரத்து அழுகை தீர்ந்தது. கார் வாங்கும் எண்ணம் இருந்தால் தள்ளிப் போடுங்கள். புதுக் குடியிருப்புகள் பலவற்றில் தெருவில் நிறுத்த பெர்மிட்டே தர மாட்டார்கள். தேம்ஸுக்கு அடியில் போகும் சில்வர்டவுன் சுரங்கப் பாதைக்கும் 2025 ஏப்ரலிலிருந்து கட்டணம்.

உறவினர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய், தோசை மாவு, நகைக்கடை, நம்ம ஊர்ச் சாப்பாடு எல்லாம் நடக்கிற தூரத்தில். ஆற்றங்கரைக் குடியிருப்பிலோ ஒரு சிறிய சூப்பர் மார்க்கெட்டும் நாலு காபிக் கடைகளும்தான். பக்கத்து வீட்டுக்காரரை லிஃப்டில் மட்டும் பார்ப்பீர்கள். பகலெல்லாம் மகளோடு வீட்டில் இருக்கப்போவது உங்கள் மனைவி என்றால், முடிவை அவரிடம் விடுங்கள். ஆனால் இரண்டும் எதிரெதிர் துருவமில்லை. 474 பஸ் சில்வர்டவுன் வழியாகவே ஈஸ்ட் ஹாமுக்குப் போகிறது. இரண்டு இடமும் நியூஹாம் கவுன்சில்தான். மகளுக்கு ஆகஸ்ட் 31-க்குள் 4 வயது முடிந்திருந்தால் செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு, அதாவது பள்ளியின் முதல் ஆண்டு. அதற்கான கெடு ஜனவரி 15-உடன் முடிந்துவிட்டதால், முகவரி கிடைத்த அன்றே கவுன்சிலில் தாமத விண்ணப்பம் போடுங்கள்.

என் முடிவு இது. முதல் மூன்று வாரத்துக்கு ஈஸ்ட் ஹாமில் உறவினர் வீட்டிலோ பக்கத்தில் தற்காலிக அறையிலோ தங்கி, ராயல் டாக்ஸில் நாலைந்து ஃபிளாட்களை நேரில் பாருங்கள். ஆற்றைப் பார்த்த ஒன்பதாவது மாடியைவிட, கஸ்டம் ஹவுஸ் பக்கம் காற்றோட்டமுள்ள நாலாவது மாடி உங்களுக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். புதிய சட்டப்படி ஒரு வருடக் கட்டாய ஒப்பந்தம் கிடையாது, இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். வாடகையையும் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் ஏற்ற முடியாது.

பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு வேலை. ஃபிரிட்ஜ் கதவிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் குக்கர், கடாய், இட்லிப் பானை ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத எதுவும் இண்டக்‌ஷனில் சூடாகாது. அலுமினியக் குக்கரை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அந்த எடைக்கு இரண்டு கிலோ புழுங்கலரிசி கொண்டுவரலாம் என்று நினைப்பீர்கள். அதுவும் வேண்டாம், ஈஸ்ட் ஹாமில் மூட்டை மூட்டையாக இருக்கிறது.