இரண்டு அங்குலத்துக்காக ஐம்பது சென்ட் தோப்பு

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 27. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஊர், கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. என் உயரம் 5 அடி 3 அங்குலம். இரண்டு வருஷத்தில் நாலு இடத்தில் பெண் பார்த்தோம். கடைசியாக பொள்ளாச்சிப் பக்கம் போனபோது பெண்ணின் மாமா என் காது படவே, “பையன் கட்டையா இருக்கானே, புள்ளையோட நின்னா தம்பி மாதிரியில்ல தெரியும்”னு சொல்லிவிட்டார். பெண் 5 அடி 4. கம்பெனியிலும் என்னை ‘பொடியா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கால் எலும்பை நீட்டி உயரமாக்கும் ஆபரேஷன் இருக்கிறதாம். போனில் விளம்பரம் பார்த்துக் கேட்டேன். இரண்டு அங்குலம் கூட்ட எல்லாம் சேர்த்து 12 லட்சம், மூன்று மாதத்தில் வேலைக்குப் போகலாம் என்றார்கள். நான் படுகிற பாட்டைப் பார்த்து அப்பா ஐம்பது சென்ட் தென்னந்தோப்பை விற்கச் சம்மதித்துவிட்டார். அம்மா அழுகிறார். வருகிற வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் வாங்க வேண்டும். சில ராத்திரி, இப்படி இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது. செய்யலாமா, வேண்டாமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த மாமா சொன்னது தப்பு. சாப்பிட உட்கார்ந்த வீட்டில், காது படும்படி ஒருவன் உடம்பைப் பற்றிப் பேசுவது எந்த ஊர் மரியாதையிலும் சேராது. உங்களுக்கு வலித்ததில் அதிசயமே இல்லை. ‘உயரத்தில் என்ன இருக்கு, மனசுதான் முக்கியம்’ என்று சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன். அதை நாலு பேர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

நான் பிசியோதெரபிஸ்ட்டாக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். வாளையாறு ரோட்டில் பைக் விபத்தில் கால் நொறுங்கி, ரிங் (எலும்புக்குள் கம்பி செருகி, காலைச் சுற்றி வெளியே மாட்டும் வளையம்) போட்டு வந்த பையன்களை நடக்க வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்கும் ஆபரேஷனின் வேரும் அந்த ரிங்தான். 1950-களில் சோவியத் நாட்டில், சைபீரியாவின் குர்கான் ஊரில் இலிசரோவ் என்ற டாக்டர் கண்டுபிடித்த முறை. ஒடிந்து சேராத எலும்பு, போலியோவில் குட்டையான கால், பிறவியிலேயே ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் அது வரப்பிரசாதம். உங்களுக்கு ஒரு கால் நாலு சென்டிமீட்டர் குறைவாக இருந்திருந்தால் நானே கைபிடித்து டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பேன்.

இப்போது அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். விளம்பரத்தில் போன் எடுத்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

நல்ல எலும்பை வெட்டுவார்கள். இரண்டு காலிலும். வெளியே ரிங் மாட்டுவார்கள், அல்லது எலும்புக்குள்ளேயே நீளக்கூடிய ராட் வைப்பார்கள். ஒரு வாரம் போல விட்டுவிட்டு, வெட்டிய இரண்டு முனைகளையும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று விலக்கிக்கொண்டே போவார்கள். அதையும் ஒரே தடவையாக இல்லாமல், கால் மில்லிமீட்டர் வீதம் நாலு தடவை. அந்த இடைவெளியில் புது எலும்பு ஊறி வரும். வேகமாக இழுத்தால் எலும்பு ஊறாது. மெதுவாக இழுத்தால் முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளும், திரும்ப வெட்ட வேண்டும். உங்களுக்கு இரண்டு அங்குலம், அதாவது ஐந்து சென்டிமீட்டர் வேண்டுமென்றால் ஐம்பது நாள் இழுப்பு. அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஊறிய எலும்பு முதலில் குருத்து மாதிரிதான் இருக்கும். அது கெட்டியாக, இழுத்த நாளையும் சேர்த்து, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாது. வயது வந்தவர்களுக்கு இன்னும் கூடும். நின்று செய்யும் ஷிஃப்ட் வேலைக்கு மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று உங்களிடம் சொன்னவரை நம்பாதீர்கள். ஒரு வருஷம் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

எலும்பு ஊறும். தசையும் நரம்பும் அந்த வேகத்துக்கு வராது, தம்பி. என் வேலை முழுக்க அங்கேதான். கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடித்து, குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்கும்படி ஆகிவிடும். தொடை எலும்பை நீட்டினால் முட்டி மடங்காது. தினமும் மணிக்கணக்கில் பயிற்சி செய்து அதை மடக்க வேண்டும். பெரிய பெரிய ஆட்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்கு மட்டும் விட்டுடுங்க”னு கெஞ்சியிருக்கிறார்கள். கம்பி போகும் இடத்தில் சீழ் வைக்கும். இது அனேகமாக எல்லோருக்கும் ஒரு தடவையாவது வரும். நரம்பு இழுபட்டு பாதம் தொங்கிப்போகலாம், ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம், எலும்பு கோணலாகச் சேரலாம். இவையெல்லாம் எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் நல்ல கையில் செய்தாலும் வரக்கூடியவை. விபத்தில் அடிபட்டவன் வேறு வழியில்லாமல் இதையெல்லாம் தாங்குகிறான். நீங்கள் நல்ல காலை வைத்துக்கொண்டு இதற்குள் போகிறீர்கள்.

உங்கள் வீட்டையும் யோசித்துப் பாருங்கள். கக்கூஸ் எந்த மாதிரி? குத்துக்கால் போட்டு உட்காரும் மாதிரி என்றால் மாதக்கணக்கில் முடியாது. இரண்டு காலும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டால் தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்ன வயது? முட்டி பழையபடி மடங்காமல் நின்றுவிட்டால், எந்தக் கல்யாணத்துக்காக இதைச் செய்கிறீர்களோ அந்தக் கல்யாணத்தில் மணவறையில் சம்மணம் போட்டு உட்காரக் கஷ்டப்படுவீர்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முட்டியோடு மல்லுக்கட்டியவள், அதனால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

பணத்துக்கு வருகிறேன். அந்த 12 லட்சத்தில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்கினீர்களா? பிறகு ராடை எடுக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு. பிசியோதெரபி, எக்ஸ்ரே, ஒரு வருஷ சம்பள இழப்பு எல்லாம் தனி. அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் பணம் தராது. ஏதாவது சிக்கல் வந்து மறுபடி மேஜையில் படுக்க நேர்ந்தால் அடுத்த ஐம்பது சென்ட்டுக்கு எங்கே போவது? சித்தூர்ப் பக்கம் தண்ணீர் எட்டுகிற தென்னந்தோப்பு என்றால் என்ன என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து உங்கள் அப்பா எத்தனை கோடையில் அந்த மரங்களைக் காப்பாற்றியிருப்பார்! கள்ளுக்கு விட்டாலும் காய்க்கு விட்டாலும் அவர் வயதான காலத்தில் கஞ்சி ஊற்றப்போவது அந்த மரங்கள்தான்.

ஆகவே என் பதில்: இப்போது வேண்டாம்.

வீட்டில் மறைக்காமல் பேசியிருக்கிறீர்களே, அது பெரிய விஷயம். 2016-ல் ஹைதராபாத்தில் ஒரு ஐடி இளைஞர் வீட்டில் சொல்லாமலே போய் இந்த ஆபரேஷன் செய்துகொண்டார். பெற்றோர் தேடி அலைந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். அது பெரிய செய்தியானது. சீனாவில் 2006-லேயே வெறும் உயரத்துக்காக இதைச் செய்யக் கூடாது என்று அரசு தடை போட்டது. நம் நாட்டில் தடை இல்லை. தடை இல்லை என்பதற்காக எல்லோருக்கும் ஏற்றது என்று ஆகிவிடாது.

இதைப் படித்துவிட்டு உயரம் கூட்டும் பவுடர், மாத்திரை என்று அந்தப் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். பதினெட்டு வயது வாக்கில் எலும்பு வளரும் முனைகள் மூடிவிடும். 27 வயதில் எந்த லேகியமும், எத்தனை நேரம் கம்பியில் தொங்கினாலும், கால் எலும்பை ஒரு மில்லிமீட்டர் கூட வளர்க்காது. அப்படி விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம்.

நீங்கள் கடைசியில் எழுதிய ஒரு வரி என்னை விடவில்லை. ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்று தோன்றுவதாகச் சொல்கிறீர்கள். அது உயரத்தைப் பற்றிய வரி மட்டும் இல்லை. அந்த நினைப்பு வரும் ராத்திரி, எந்த நேரமானாலும், 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசாங்க சேவை, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். பகலில் ஒரு மனநல டாக்டரையும் நேரில் பாருங்கள். பொறுப்பான எலும்பு டாக்டர்கள் இந்த ஆபரேஷனுக்கு முன்னால் மனநல டாக்டரிடம் அனுப்புவார்கள். மனசில் இருக்கும் காயம் உயரத்தால் வந்ததா, வேறு ஏதோ ஒன்று உயரத்தின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது. உங்களிடம் பணத்தைப் பற்றி மட்டும் பேசியவர்கள் இதைக் கேட்டார்களா?

பெண் பார்க்கும் விஷயத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள். தரகரிடம் உயரத்தை முதல் வரியிலேயே சொல்லச் சொல்லுங்கள், ஒரு அங்குலம்கூடக் கூட்டாமல். அதைத் தெரிந்துகொண்டு ‘வாங்க’ என்று சொல்கிற வீட்டுக்கு மட்டும் போங்கள். நாலு வீட்டில் காப்பி குடித்து மனசு ஒடிந்து திரும்புவதைவிட, இரண்டு வீட்டுக்குப் போனாலும் மரியாதையாக நடத்தப்படுவீர்கள். முடிந்தால் பெண்ணோடு பத்து நிமிஷம் தனியாகப் பேசக் கேளுங்கள். மாமா சொன்னது மாமாவின் அபிப்பிராயம். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை, அதைக் கவனித்தீர்களா?

ஆறு மாதம் போகட்டும். அதற்குப் பிறகும் இதே ஆசை இருந்தால், விளம்பரம் கொடுத்தவரிடம் போகாமல், கோயம்புத்தூரில் ரிங் வேலையில் பழக்கமுள்ள இரண்டு எலும்பு டாக்டர்களைத் தனித்தனியாகப் பாருங்கள். இதைச் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆன ஒருவரை நேரில் சந்திக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அவர் படி ஏறுவதைப் பாருங்கள், ஓட முடிகிறதா என்று கேளுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். புகை எலும்பு ஊறுவதைக் கெடுக்கும். ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் விடுங்கள். செலவுக்கு உங்கள் சம்பாத்தியத்தில் சேர்த்த பணமாக இருக்கட்டும். அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், உங்களோடு உட்கார்ந்து யோசிக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் தோப்பு கேட்டவருக்குப் போன் செய்து, இப்போது விற்கவில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அப்பாவைச் சொல்ல விடாதீர்கள். உங்களுக்காகச் சம்மதித்தவர் அவர், ‘வேண்டாம்’ என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.