ரிமோட் காருக்குச் சர்வோ, ஃபெயில்சேஃப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னுடையது 1/8 நைட்ரோ பக்கி (நைட்ரோ எரிபொருள் எஞ்சினில் ஓடும், அசலில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார்). ஸ்டியரிங்குக்கு 25 கிலோ திருப்புவிசையுள்ள டிஜிட்டல் சர்வோ (ஸ்டியரிங்கையோ த்ராட்டிலையோ அசைக்கும் சிறு மோட்டார்) போட்டதிலிருந்து இரண்டு முறை கட்டுப்பாடு இழந்து, முழு வேகத்தில் வேலியில் மோதிவிட்டது. ரிசீவரில் (வண்டியில் சிக்னலை வாங்கும் கருவி) ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் வண்டியை நிறுத்தும் அமைப்பு) அமைத்துத்தான் இருக்கிறேன். பேட்டரிப் பெட்டியில் நான்கு பென்சில் செல்கள். என்ன கோளாறு?
— வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ரிசீவரின் ஃபெயில்சேஃப் சிக்னல் அறுந்தால்தான் வேலை செய்யும். மின்சாரமே போய்விட்டால் ரிசீவரோடு அதுவும் அணைந்துவிடும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் சர்வோ திறந்த நிலையிலேயே நின்றுவிடும். உங்கள் வண்டியில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியைத்தான். அந்த அளவு சர்வோ, சக்கரம் எதிலாவது மாட்டிக்கொண்டால் 3 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். பென்சில் செல்லும் பெட்டியின் ஸ்பிரிங் தொடர்பும் அதைத் தாங்காது. வண்டி குதித்து இறங்கும்போது செல் நகர்ந்தாலும் இதே கதிதான். டர்பனின் உப்புக்காற்றில் அந்தத் தொடர்புகள் சீக்கிரம் பச்சை பூக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

பெட்டியைக் கழற்றிவிட்டு, சால்டர் செய்த 5 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக், அதாவது 6 வோல்ட், போடுங்கள். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும். சர்வோக்கள் இரண்டும் ரிசீவரும் அதற்கென்று செய்யப்பட்டவையாக இல்லாவிட்டால் நடுவில் 6 வோல்ட் ரெகுலேட்டர் கட்டாயம்.

வோல்டேஜ் குறைந்தாலே பிரேக் பிடிக்கும் தனி ஃபெயில்சேஃப் ஒன்றை ரிசீவருக்கும் த்ராட்டில் சர்வோவுக்கும் இடையில் மாட்டுங்கள். ஆனால் பேட்டரி வயரே பிடுங்கிக்கொண்டால் அதுவும் உதவாது. அதற்குக் கார்பரேட்டரை மூடி இழுக்கும் ஸ்பிரிங் ஒன்றுதான் துணை. இது இல்லாமல் நைட்ரோ வண்டியை ஓடவிடவே கூடாது.

சோதனையை எஞ்சினை அணைத்தே செய்யுங்கள். த்ராட்டிலைப் பாதி திறந்து பிடித்தபடி டிரான்ஸ்மிட்டரை (கையிலுள்ள ரிமோட்டை) அணைத்தால் கார்பரேட்டர் மூடி, பிரேக் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் அப்படியே நின்றால், ஃபெயில்சேஃப் ‘கடைசி நிலையில் நிறுத்து’ என்ற அமைப்பில் இருக்கிறது. அடுத்து, த்ராட்டிலைத் திறந்தபடியே வண்டியின் சுவிட்சை அணையுங்கள். ஸ்பிரிங் மட்டுமே மூட வேண்டும். மூடாவிட்டால் இன்னும் விறைப்பான ஸ்பிரிங் போடுங்கள். ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு மறுபடி பைண்ட் செய்யும்போதெல்லாம் (இணைக்கும்போதெல்லாம்) முதல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போது சர்வோ ‘ஙீ’ என்று முனகினால், டிரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்டை (சர்வோ திரும்பும் எல்லையை) சத்தம் நிற்கும்வரை குறையுங்கள். வீணாக மின்சாரம் குடிப்பது அந்த முனகல்தான்.

கேள்வி: பழைய ஹார்ன் (சர்வோவின் அச்சில் மாட்டும் கை) புதுச் சர்வோவில் சுற்றுகிறது. பசை வைத்து ஒட்டலாமா?
— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கூடாது. சர்வோ அச்சின் பல் எண்ணிக்கை ஹார்னோடு பொருந்தவில்லை. ஃபுட்டாபா, சாவாக்ஸ் சர்வோக்களில் பெரும்பாலும் 25 பல். ஹைடெக்கின் வழக்கமான அளவு 24. சான்வா, கேஓ 23. உங்கள் சர்வோவின் பல்லை எண்ணி, அதே எண்ணிக்கையுள்ள ஹார்ன் வாங்குங்கள்.