டீச்சரைக் கேளுங்கள்: போர்வெல் தண்ணீரும் நடுகல்லும் பாடமாகுமா?

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற தருமபுரி டீச்சர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்பது, பத்தாம் வகுப்பைப் பற்றியவை.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அறிவியல் சார், ஊரில் இருக்கும் போர் தண்ணீரையெல்லாம் பாட்டிலில் பிடித்துவரச் சொல்கிறார். கணக்கு டீச்சர் அதை வைத்து கிராஃப் போடச் சொல்கிறார். அடுத்த வருஷம் பப்ளிக் எக்ஸாம். இதெல்லாம் தேவைதானா டீச்சர்?
*ஒரு தாய், பாலக்கோடு*

தேவைதான் அம்மா. உங்கள் மகளுக்கு நல்ல ஆசிரியர்கள் வாய்த்திருக்கிறார்கள்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் தண்ணீரைப் பற்றிப் படிக்காமல் வேறு எதைப் படிப்பது? பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளை வகுப்புக்கு வகுப்பு பார்த்தவள் நான். ஒழுங்காகப் பல் துலக்காததால் வந்த கறை என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! பல்லின் எனாமல் உருவாகும் சின்ன வயதிலேயே ஃப்ளோரைடால் வந்த குறை அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் பக்கத்தில் அதைத் தாண்டிய ஊர்கள் பல. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள். 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

உங்கள் மகள் கொண்டுபோகும் பாட்டிலுக்குள் எத்தனை பாடம் இருக்கிறது, பாருங்கள். பாறையில் இருக்கும் தாது எப்படி நிலத்தடி நீரில் கரைகிறது என்று பார்த்தால் புவியியலும் வேதியியலும் வந்துவிடும். பல்லையும் எலும்பையும் அது என்ன செய்கிறது என்பது உயிரியல். போர் எத்தனை அடி ஆழம், ஃப்ளோரைடு எவ்வளவு என்று புள்ளி வைத்தால் கணக்கு. கிணறு எந்த வருஷம் வற்றியது, முதல் போர் யார் போட்டார்கள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதினால் ஊர் வரலாறு. கடைசியில் ஊராட்சித் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடத்தில் வரும் கடிதப் பயிற்சிதான் அது. இந்தத் தடவை நிஜமாகவே ஒருவர் வாங்கிப் படிக்கப்போகிறார், அதனால் பிள்ளை ஒவ்வொரு வரியையும் யோசித்து எழுதுவாள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளோரைடு போய்விடும் என்று நம் ஊர்களில் நிறையப் பேர் நம்புகிறார்கள். ஒரு லிட்டர் போர் தண்ணீரைக் கால் லிட்டராகும் வரை சுண்டக் காய்ச்சுங்கள். ஆறவைத்து, தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் முன்னும் பின்னும் அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறியிருக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். கரைந்த உப்புகளில் பெரும்பகுதி உள்ளேயே நிற்கும், ஃப்ளோரைடும் அப்படித்தான். ஆனால் சரியாக நான்கு மடங்கு ஏறியிருக்காது. பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவம் ஒட்டியிருக்கும். ‘ஏம்மா நாலு மடங்கு வரல?’ என்று அவள் கேட்டுவிட்டால் போதும், நீரின் கடினத்தன்மையைப் பற்றி அதற்கு மேல் யாரும் அவளுக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம்: டி.டி.எஸ். மீட்டர் ஃப்ளோரைடைத் தனியாகக் காட்டாது. அதற்குச் சோதனைப் பெட்டி வேண்டும், அல்லது குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தேர்வைப் பற்றிப் பயப்படாதீர்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துக்கு 75, மீதி 25 செய்முறைக்கு. அந்த 25-ஐ ஃபிப்ரவரியில் அவசரமாகக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள்தான் அதிகம். உங்கள் மகள் இப்போதே அளந்து பழகிவிட்டாள்.

பாடங்களை இணைத்து நடத்துங்கள் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறார்கள். எனக்கு ஒரு பீரியடு, தமிழய்யாவுக்கு வேறு பீரியடு. சிலபஸ் முடிக்கவே நேரம் போதவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
*ஒரு கணக்கு ஆசிரியர், பென்னாகரம் பக்கம்*

சார், நாலு ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் ஒன்றாக நிற்க வேண்டியதில்லை. ஒரே பொருளை அவரவர் பீரியடில், அவரவர் பாடம் வரும் வாரத்தில் எடுத்துக்கொண்டால் போதும். உங்கள் பக்கத்தில் அதற்கு நடுகல்லை விடப் பொருத்தமான பொருள் கிடைக்குமா? தருமபுரி, கிருஷ்ணகிரி முழுக்க வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன.

பிள்ளைகளை டேப்போடு அனுப்புங்கள். மண்ணுக்கு மேலே தெரியும் பகுதி 150 சென்டிமீட்டர் உயரம், 90 அகலம், 15 தடிமன் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 2,02,500 கன சென்டிமீட்டர். கருங்கல்லின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம். பெருக்கினால் 547 கிலோ வருகிறது. கணக்குப் பீரியடு இங்கே முடிந்துவிடும். ஆனால் பிள்ளைகள் விடமாட்டார்கள். இதை எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள், எங்கிருந்து கொண்டுவந்திருப்பார்கள் என்று ஆரம்பிப்பார்கள். அப்போது அவர்களைத் தமிழய்யாவிடம் அனுப்புங்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. அரை டன் கல்லை மனதில் வைத்துக்கொண்டு அந்த நூற்பாவைப் படிக்கிற பிள்ளைக்கு அதன் கனம் தெரியும். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனின் கல் என்றால், ஆநிரை கவர்வதைப் பாடும் வெட்சியும் மீட்பதைப் பாடும் கரந்தையும் கூடவே வந்துவிடும்.

எழுத்துள்ள கல்லாக இருந்தால் காலை ஏழு மணிக்கு ஒரு முறையும் உச்சி வெயிலில் ஒரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். உச்சியில் வெறும் பாறையாகத் தெரிவது, பக்கவாட்டு வெயிலில் வட்டெழுத்தாக எழுந்து வரும். கல் நிழலில் நின்றால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வெயிலை அதன் மேல் பக்கவாட்டில் திருப்பலாம். எதிரொளிப்பு விதியும், நிழலின் நீளத்துக்கும் கோணத்துக்கும் உள்ள தொடர்பும் அங்கேயே கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பின் முக்கோணவியலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

ஒரு கண்டிப்பு: எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது, ஆணியால் சுரண்டுவது கூடவே கூடாது. பிறகு படியெடுக்க வருகிற தொல்லியல் துறையினருக்கு அது பெரிய இழப்பு. சாமியாகக் கும்பிடுகிற கல் என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

செய்து கற்றல் என்பதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதிதானே?
*ஒரு வாசகர், ஓசூர்*

நம்மிடமே பழைய கதை இருக்கிறது ஐயா. 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதிலிருந்து நடத்தச் சொன்னது. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாதில் 1972-ல் 16 கிராமப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில், பிள்ளைகள் சோதனை செய்து தாங்களே விடை கண்டார்கள். 2002-ல் அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை மாடல் கடையில் விற்கிறது. வாங்கி வைக்கலாமா டீச்சர்? எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம்.
*பத்தாம் வகுப்பு மாணவன், காரிமங்கலம்*

தம்பி, பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை எரிமலை வாங்கக் கூடாது! அந்த மாடலில் நீ கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை.

அப்பாவிடம் கேட்டு, புழுக்கள் கூடு கட்டும் தட்டியான சந்திரிகையிலிருந்து நாலைந்து கூடுகளை எடுத்துக்கொள். அவற்றைக் கொதிநீரில் போட்டால் செரிசின் என்ற பசை இளகும். கூட்டை மெதுவாகத் துழாவினால் நூலின் முனை கிடைக்கும். சுற்றளவு சரியாக ஒரு மீட்டர் வருகிற மாதிரி அட்டைச் சட்டம் செய்து, அதில் சுற்றிக்கொண்டே எண்ணு. அறுந்தால் எந்த எண்ணில் அறுந்தது என்று குறித்துக்கொண்டு மறுபடி முனையைத் தேடு. நல்ல கூடாக இருந்தால் பல நூறு மீட்டர் போகும், ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. எந்தக் கூட்டில் எவ்வளவு வந்தது, கூட்டின் எடை என்ன, அந்த வாரம் தருமபுரி பட்டுக்கூடு ஏலத்தில் கிலோ என்ன விலை என்று மூன்றையும் ஒரே அட்டவணையில் போடு. ஒரு மீட்டர் நூலுக்கு அப்பாவுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்குப் பார்.

கொதிநீர் வேலையின்போது அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கட்டும். கண்காட்சி மேசையில் சட்டத்தோடு உன் நோட்டையும் வை, அடித்துத் திருத்தியது அப்படியே இருக்கட்டும். நடுவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் அதில் இருக்கும்.